என் வீட்டுத் திரையில் தமிழ்

சுங்கைப் பட்டாணியில் ஃபேக்டரி வேலை முடிந்து, அடுப்படியையும் ஒதுக்கிவிட்டு உட்காரும்போது நான் பல வருடங்களாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. கணினியைத் திறந்ததும் எதிரே வந்து நிற்கும் சன்னல்கள், பொத்தான்கள், பட்டியல்கள், அவற்றில் இருக்கும் சொற்களைத் தமிழாக்குவது. யாரும் விலை வைக்காத திரைச்சூழல் அது. உலகம் முழுக்க ஆட்கள் சம்பளமில்லாமல் கூடிக் கட்டியது. யார் வேண்டுமானாலும் சட்டப்படி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தமிழுக்குச் சென்னையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், மலேசியாவில், இந்தக் கெடாவில் நான். ஒரே சொல்லுக்காக வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். "காசு தராத வேலைக்கு என்னா லா இவ்ளோ கோவம்?" என்பார் என் கணவர்.

என் ஆசை சின்னது. மகள் படிக்கும் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் கணினியைத் திறந்தால் தமிழ் தெரிய வேண்டும். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட கணினிகளைக் கேட்டு வாங்கி, அந்தத் திரையைப் போட்டுக் கொடுத்தேன். சரஸ்வதி பூசைக்கு அவற்றுக்குச் சந்தனப் பொட்டெல்லாம் வைத்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிப் படித்து, தான் வரைந்த படத்தைத் தானே சேமித்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த திமிர்!

பொட்டு காய்வதற்குள் பெற்றோர் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்; இவர்கள் வாலைத் தூக்கியும் பார்த்தார்கள். ஓசியில் கிடைப்பதில் வைரஸ் இருக்கும் என்றார் ஒருவர். டவுன் பள்ளிகளில் இல்லாதது நமக்கெதற்கு என்றார் இன்னொருவர். சங்கத் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர்; என்னை உட்காரவைத்துப் பொறுமையாகவே பேசினார்.

"தங்கச்சி, நாளைக்கு இதுங்க வேலைக்குப் போனா, அங்க தமிழ்லயா திறக்கப் போவுது? தோட்டத்துப் பிள்ளைன்னா ஓசிதான்னு ஆயிடக் கூடாது லா."

அதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கணினிக் கடைக்காரரை அழைத்து, எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் அந்த இன்னொரு திரையைக் காசு கொடுத்துப் போடவைத்தார்கள். அது திருட்டுப் பிரதி. கடைக்காரரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். சட்டப்படி இனாமாக வந்ததற்கு வெட்கப்பட்டவர்கள், திருடியதைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு நிம்மதியானார்கள். பிள்ளைகள் சேமித்த படங்களும் அதோடு அழிந்தன. எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, நம் வீட்டிலாவது ஒரு தமிழ்க் கணினி இருக்கிறது, மகள் அதில் வளரட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மகள் அடுப்படிக்கு வந்தாள். பள்ளித் தோழி வீட்டுக்கு வரப்போகிறாள் என்றாள்.

"அம்மா, நம்ம கம்ப்யூட்டர இங்கிலீசுக்கு மாத்திடும்மா. அவ பாத்தா சிரிப்பா."

அவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அமைப்புகளைத் திறந்து, மொழிப் பக்கத்துக்குப் போய், பட்டியலில் ஆங்கிலத்துக்கு மேலே இருந்த தமிழைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்பதை அழுத்தினேன். உறுதியாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவள் நான்தான். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆம் என்பதை அழுத்தினேன்.