வழிகாட்டி படித்துவிட்ட வரி

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எனக்கு உதவித்தொகையோடு நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. காரைக்குடியில் வீட்டிலிருந்தே வேலை, வழிகாட்டி ஜெர்மனிக்காரர். நான் எழுதிய நிரலை நான்காவது தடவையும் அவர் திருப்பி அனுப்பியதும், ஆத்திரத்தில் அதற்குள்ளேயே "இந்தாளுக்கு வேற வேலையே இல்ல" என்று தமிழில் எழுதி அனுப்பிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாதே என்ற துணிச்சல்.

மறுநாள் பதில் வந்தது: "மொழிபெயர்த்துப் பார்த்தேன். உன்னைச் சோர வைத்துவிட்டேன், மன்னித்துவிடு."

அக்காவிடம் காட்டினேன். "வைஞ்சது நீயி, மன்னிப்புக் கேக்குறது அவுகளா?" என்றாள்.

கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டேன். வரியை நீக்கியும் பயனில்லை; அழியாமல் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய பதிப்பில் அதை என் பெயரோடு இன்றும் யாரும் படிக்கலாம்.

இப்போதெல்லாம் நிரல் திரும்பி வந்தால், "எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்" என்று எழுதுகிறேன். அன்றைக்கும் எனக்குப் புரியத்தான் இல்லை.