சித்தி சுமந்த ரைஸ் குக்கர்

அந்தப் பை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது. நிமிர்த்தி வைத்தால் பை என் தலையைத் தொட்டது. எங்கு பார்த்தாலும் வார், கொக்கி, ஜிப். மழை வந்தால் மாட்டிவிட அதற்கென்று தனிச் சட்டை வேறு. சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த சித்தி, அம்மாவின் தங்கை, இதை முதுகில் மாட்டிக்கொண்டு நேப்பாளத்து மலைகளில் நடக்கப் போகிறாள் என்றார்கள். பாலோ என்கிற எங்கள் சின்ன ஊரில் வீட்டு வாசலில் நின்றால் எல்லாப் பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். பனிமலை என்பது எனக்குப் பாடப்புத்தகத்துச் சமாச்சாரம். அதில் நடக்கப்போகிற கால் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கல்யாணமாகாத பெண் ஒரு தோழியை நம்பி மலையேறுவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் எதையும் நேராக வேண்டாம் என்று சொல்வது அவர் வழக்கமில்லை. ஒரு நிபந்தனை போட்டார்.

“இங்கேர்ந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நீயே தூக்கிட்டு நட. நடுவுல ஒரு தடவ கீழ வெச்சாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துரணும். சரியா?”

“சரி மாமா,” என்றாள் சித்தி, யோசிக்காமல்.

அதன் பிறகு அப்பாவுக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. கடைக்குப் போய் மத்தி டின், பால்மாவு, சம்பால் பாட்டில் எல்லாம் வாங்கிவந்து தன் கையாலேயே பைக்குள் அடுக்கினார். அரிசியும் போட்டார். கடைசியில் சமையலறையிலிருந்த ரைஸ் குக்கரையும் தூக்கிவந்தார்.

“அங்க போய் சோறு இல்லாம என்னா பண்ணுவ? கொண்டு போ லா.”

எங்கள் ஆட்கள் கேமரன் மலைக்குப் போவதென்றாலும் குக்கர் இல்லாமல் வண்டியில் ஏறமாட்டார்கள். அதனால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. சித்தி பையைத் தூக்கிப் பார்த்தாள். பை அசையவில்லை, சித்திதான் தள்ளாடினாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற காலையில், புதுப் பையைச் சாமிக்கு முன் வைத்துக் கும்பிடாமல் அனுப்ப முடியாது என்று அம்மா அதைச் சாமி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே மணிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. “இன்னிக்கு என்னா பூசை இவ்ளோ நீளம்?” என்றார் அப்பா. அம்மா வெளியே வந்தபோது வியர்த்திருந்தாள். பை அதே பருமனோடு நின்றது.

புது வண்டி வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பைக்கு ஏது டயர்? அம்மா சித்தியின் புதுச் சப்பாத்துகளுக்கு முன்னால் காலுக்கொரு பழம் வைத்தாள். பையை மாட்டியதும் சித்தி திகைத்துப்போய் அக்காளைப் பார்த்தாள். அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசியபடி, “குனிஞ்சு நட. மெதுவா போ,” என்றாள். சித்தி பழங்களை மிதித்து நசுக்கிவிட்டு நடந்தாள்.

அப்பா மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துப் பின்னாலேயே ஊர்ந்தார். மளிகைக்கடைச் சீனர் வெளியே வந்து, “அலமாக், வீடு மாறிப் போறியா?” என்று மலாயில் கேட்டார். சித்தி நிற்கவில்லை. குனிந்தபடியே ஸ்டேஷன் படிகளை ஏறினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அரிசி, குக்கர், அத்தனை டின்! இப்படி ஒரு பலசாலி எங்கள் குடும்பத்தில் இருந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது. “கெட்டிக்காரிதான்,” என்று முனகினார் அப்பா. ரயில் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

மதியம் அம்மா சுடச்சுடச் சோறு போட்டாள், அதே குக்கரிலிருந்து. அப்பா குக்கரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்து, “இன்னும் கொஞ்சம் போடு,” என்று தட்டை நீட்டினார்.

“இதைத்தானே சித்தி கொண்டு போனாங்க?” என்றேன்.

“அது வேற. நீ சாப்பிடு,” என்றாள் அம்மா.

நானும் நம்பினேன். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனால் என் தலையணையைக் காணோம். அம்மாவுடையதும் இல்லை. அதைப் பற்றியும் நான் பெரிதாக யோசிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சித்தியின் பலத்தைப் பற்றி வாய் வலிக்கப் பேசினேன். அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.