லயத்துக்கு ஒரே முகவரி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எதற்கும் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

ஒருநாள் ஹட்டனிலிருந்து கணினி படித்த பெண்பிள்ளை ஒருத்தி வந்தாள். அரசாங்க உதவிப் பணத்துக்கு நாங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் போனிலேயே பதிய, அவளே ஒரு ஆப் செய்திருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்விக்குத்தான் அவசரம். அவள் புருஷன் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடக்கிறான். ஆனாலும், “நீங்க பெரியவங்க, மொதல்ல போடுங்க பெரியம்மா” என்றாள். போட்டேன்.

அடுத்து செல்வியின் பெயரைப் போன் ஏற்கவில்லை. இந்த முகவரியில் ஒரு குடும்பம் பதிந்துவிட்டதாம். தோட்டத்துப் பெயர்தானே எங்கள் எல்லோருக்கும் முகவரி. வீட்டுக்கு வீடு இலக்கம் ஏது?

“அப்ப என்னோடத அழிச்சிட்டு இவளுக்குப் போடு தாயி.”

அந்தப் பிள்ளை நிமிரவில்லை. “அழிக்கிறதுக்கு நான் வழி வைக்கலீங்கம்மா. மேலிடத்துக்கு எழுதித்தான் மாத்தணும்.”

“நம்மள ஒரே வீடாக்கிருச்சே பெரியம்மா” என்று செல்வி சிரித்தாள்.

எழுதிப் போட்டும் இன்னும் மாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செல்வியின் புருஷன் முனகுவது எனக்குக் கேட்கிறது.

நேற்று, மலைத் தண்ணீர் விழும் பீலியில், “நீங்க மொதல்ல புடிங்க” என்று செல்வி விலகினாள். நான் குடத்தோடு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். தண்ணீருக்கு மட்டும்தான் என்னால் அப்படி நிற்க முடிகிறது.