ஈரப் பஞ்சு

இது நடந்தது. நடக்காமல் இருந்திருந்தால் எனக்கும் நல்லதுதான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும் பாக்கியம் மிச்சமிருந்திருக்கும். எனக்கு இதைச் சொன்னவள் முப்பிடாதியம்மாள். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்ற இடத்தில்கூட அதைச் சொல்ல வராமல் அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஆனி மாதம். குற்றாலத்தில், அருவிக்குப் போகிற பாதையில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது இல்லை. பெண்கள் வார்டில் நாலு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தாலும் அருவிச் சத்தம். மூடினாலும் அருவிச் சத்தம்.

சுரண்டைக்காரி முப்பிடாதிக்கு அதுதான் முதல் வேலை. "பீச்சட்டி தூக்கவாட்டி படிச்சே?" என்று தாய்மாமன் வாழ்த்தி வழியனுப்பியிருந்தார். வந்த அன்று பெரிய நர்ஸ் பாலம்மாள் தன் தலையணையையே தூக்கிக் கொடுத்து, "இங்கன நான்தான் ஒனக்கு அக்கா, கேட்டியா?" என்றாள். முப்பிடாதிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆலங்குளத்துக் குருவம்மாளுக்குக் குடலில் ஆபரேஷன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று டாக்டர் கல்யாணராமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே ஊருக்கே கொட்டுகிறது அருவி. உள்ளே இவள் கிடந்து தவிக்கிறாள். "தண்ணி... ஒரு மடக்கு, தாயி..."

முப்பிடாதி ஒரு வழி வைத்திருந்தாள். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நூலால் இறுக்கி, இரட்டை முடிச்சு. நனைத்து உதட்டில் ஒற்றுவாள். குருவம்மாள் கைக்குழந்தை மாதிரி அதைக் கவ்வப் பார்ப்பாள். "கவ்வப்படாதும்மா. சொன்னாக் கேக்கணும்லா" என்பாள் இவள், அழாத குறையாக.

ஒருநாள், முன்னிரவு முப்பிடாதி முறை, விடியற்காலை பாலம்மாள் முறை. வெளிச்சம் வந்தபோது குருவம்மாள் இறந்திருந்தாள். தலைமாட்டில் ஒரு காலித் தம்ளர்.

"யார் கொடுத்தது?" என்றார் டாக்டர்.

பாலம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "புதுசுலா சார்... பாவம், முப்பிடாதி தெரியாமக் குடுத்திருப்பா."

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். நேற்றுவரை அக்காவாக இருந்த முகம். அதில் ஓர் அசைவு இல்லை.

"ஒத்துண்டு மன்னிப்புக் கேளு, வேலையில இரு" என்றார் டாக்டர். "இல்லேன்னா நாளைக்குக் காலம்பறக் கிளம்பு."

குருவம்மாளின் புருஷன் மாடன் மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். துண்டின் ஓரத்தைக் கிழித்தான். மனைவியின் தாடையைத் தூக்கி, உச்சந்தலையோடு சேர்த்து வாய்க்கட்டு கட்டினான். போகும்போது முப்பிடாதியை ஒரு பார்வை பார்த்தான். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வில்வண்டி ஆலங்குளத்துக்குப் புறப்பட்டது.

பகல் முழுக்க டிரங்குப் பெட்டியில் துணியை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு இங்கே இருப்பதா? மாமன் சிரிக்கிற ஊருக்குப் போவதா? வேலைக்குக் கட்டும் வெள்ளைச் சேலை சாரலில் நனைந்துவிட்டது. பொழுது சாயும்போது வீட்டுப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலையணையைப் பாலம்மாள் கட்டிலில் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். பாலம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம். வார்டு வாசலில் காவல்காரர் அய்யாக்குட்டி அரிக்கேன் விளக்கோடு நின்றார். மீசை மட்டும் உள்ளே போகத் தயாராக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, செத்த கட்டிலுக்கு விளக்கு வைக்கலியா?"

"எனக்கென்ன பயமா? காலு வரமாட்டேங்கு, அவ்வளவுதான்."

விளக்கை வாங்கிக்கொண்டு முப்பிடாதி உள்ளே போனாள். நாலு கட்டிலும் காலி. ஜன்னல் ஆணியில் விளக்கை மாட்டினாள்.

அப்போதுதான் கவனித்தாள்.

அருவிச் சத்தம் இல்லை.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. சத்தம் மட்டும்... இல்லை.

"தண்ணி..."

பழகிய கை. புத்திக்கு முன்னால் அது கிளம்பிவிட்டது. குச்சியை எடுத்தது. பஞ்சைச் சுற்றியது. நூல் இருக்கும் அலமாரியின் சாவியைக் காலையிலேயே பாலம்மாள் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். சேலை ஓரத்தில் பிரிந்திருந்த பச்சை நூலை இழுத்தாள். இரட்டை முடிச்சு. நனைத்தாள். திரும்பினாள்.

போர்வைக்குள் ஓர் உருவம்.

உதட்டில் ஒற்றினாள்.

சில்லென்று இருந்தது.

அப்போதுதான் புத்தி வந்து சேர்ந்தது. இவளைத்தானே... காலையில்...

படக்.

பல் கவ்வியது.

இழுத்தாள். வரவில்லை.

"நீ குடுக்கல, தாயி..." பல்லிடுக்கில் வந்தது குரல். "எனக்குத் தெரியும்லா..."

நூல் அறுந்தது.

காது நிறைய அருவி.

கட்டிலில் யாரும் இல்லை. போர்வையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் மொட்டைக் குச்சி. அதில் ஒரு சாண் பச்சை நூல்.

பஞ்சைக் காணோம்.

மறுநாள் காலை, டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அங்கே மாடன் நின்றான். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தான்.

ஈரப் பஞ்சு. பச்சை நூல். இரட்டை முடிச்சு.

"குளிப்பாட்ட வாய்க்கட்டை அவுத்தேன் சாமி. பல்லுக்குள்ள இது இருந்துச்சு. யாரு வச்சா?"

முப்பிடாதி முந்தானை முடிச்சிலிருந்து அறுந்த நூலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"கட்டறதுக்கு முன்னாடியே வெச்சிருப்பா" என்றார் டாக்டர்.

"காலையில நான் வெள்ளைச் சேலையிலதான் இருந்தேன் சார்."

"கட்டும்போது வாயைப் பாத்தேன் சாமி. ஒண்ணுமில்ல" என்றான் மாடன். "வழி முச்சூடும் அவ தலை எம் மடியிலதான். போட்ட முடிச்சு போட்டபடி இருந்துச்சு. விளக்கு வைக்கிற நேரத்துலதான் அவுத்தேன்."

கதவோரத்தில் பாலம்மாள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "பொழைக்கமாட்டான்னு நெனைச்சேன்... தாகத்தோட அனுப்பப்படாதேன்னுதான்... ஒரு மடக்குதான் சார் குடுத்தேன்..."

டாக்டர் நூல் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, அனுபவப்பட்ட நர்ஸ் இந்த மழையில் எங்கே கிடைப்பாள் என்று முணுமுணுத்தார். புதியவளுக்கு ஒரு நியாயம், பழையவளுக்கு ஒரு நியாயம். இருவரும் இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

"நீ குடுக்கல தாயி" என்று சொல்ல உயிரோடிருந்த ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்ன ஒருத்திக்காக முப்பிடாதி பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனாள். பாலம்மாள் காலில் விழ வந்தாள். அவளைத் தூக்கிவிட்டு, "எந்திரிங்க சிஸ்டர்" என்றாள் முப்பிடாதி. அக்கா என்ற வார்த்தை அதோடு சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாரல் காலத்திலும், விளக்கு வைக்கும் நேரத்தில், பாலம்மாள் அந்தக் கட்டிலைப் பார்த்தபடி நின்றுவிடுவாள்.

"ஏட்டி... தண்ணி கேக்கா. ஒனக்குக் கேக்குதா?"

முப்பிடாதிக்குத்தான் பொய் சொல்ல வராதே.

"இல்லியே, சிஸ்டர்."