நடுவில் நிற்பவள்

பூந்தமல்லியில் நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். "நடுவில வந்து நில்லுடி" என்பாள் டீச்சர். யாரை என்று கேட்க வேண்டியதில்லை. நான்தான். மூன்று பேரை வரிசையாக நிறுத்துவாள். இடப்பக்கம் நிற்கிறவள் 'புட்'. வலப்பக்கம் கதவோரமாக நிற்கிறவள் 'அவுட்'. நடுவில் நிற்கிற நான் 'ஹெர்'. 'புட் ஹெர் அவுட்' என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் கத்தும். அவளை வெளியே தள்ளு என்று அர்த்தம். ஒருத்தி தள்ளுவாள், ஒருத்தி இழுப்பாள், நான் வராந்தாவில் போய் விழுவேன். பிறகு 'கால் ஹெர் இன்' என்பார்கள். அவளை உள்ளே கூப்பிடு. அதைக் கேட்டபிறகுதான் நான் எழுந்து உள்ளே வரலாம். அதற்கு முன்னால் வந்தால் முட்டியில் அடி.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இங்கிலீஷைத் தமிழில் அர்த்தம் சொல்லி நடத்தாமல், செய்து காட்டி நடத்த வேண்டும் என்று பட்டணத்துப் பயிற்சிப் பள்ளியில் டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அதில் அவள் கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். முதலில் ஒரு பெட்டியை வைத்துச் செய்து காட்டினாள். பெட்டி என்று பெயர் சொல்லும்போது அதை 'அவுட்'டுக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். பெயரை எடுத்துவிட்டு அது, அவன், அவள் என்று ஆக்கிவிட்டால் நடுவில்தான் நிற்க வேண்டும். வேறு எங்கும் அதற்கு இடம் கிடையாது. பெட்டிக்குப் பதில் ஒரு பெண்ணை நிறுத்தினால் பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பார்வை வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்மேல் வந்து நின்றது.

ஏன் நான்? மற்றவர்களுக்கு ஏனென்று கேட்க ஆள் இருந்தது. ஒருத்தியின் அப்பா ரயிலில் கார்டு. இன்னொருத்தியின் அப்பா கணக்குப்பிள்ளை. என் அப்பா செத்துப்போயிருந்தார். அம்மா அதே பள்ளிக்கூடத்துக் குசினியில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வேலையை வைத்துத்தான் எனக்குப் படிப்பு. நாங்கள் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். காலையில் எல்லோரும் ஒரே ஆண்டவர் முன்னால் முழங்கால் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவோம். வந்தபிறகு என்னைத் தொட்டுத் தள்ளச் சிலருக்குக் கை வராது. டீச்சர் மேஜைமேல் இருந்த ரூல்தடியை எடுத்து நீட்டுவாள். அதன் முனையால் விலாவில் குத்தித் தள்ளுவார்கள். 'புல் ஹெர் அப்' என்றால் மட்டும் சடையைக் கையாலேயே பிடித்துத் தூக்குவார்கள். சடைக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

படித்ததை வீணாக்காத பிள்ளைகள் அவர்கள். மத்தியானம் என் களி உருண்டையைப் பிடுங்கி, 'த்ரோ இட் அவே' என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் எறிவாள். கிணற்றடிக்குப் போனால் 'சென்ட் ஹெர் அவே', அவளை விரட்டிவிடு. ஒருநாளும் இலக்கணம் தப்பாது. டீச்சர் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, "பேஷ்" என்பாள்.

ஆனால் அந்த வகுப்பில் என்னைவிட இங்கிலீஷ் தெரிந்தவள் கிடையாது. மற்றவர்களுக்கு அது பாடம், எனக்கு உதை. அடுத்து வரப்போவது 'டவுன்' என்றா 'அவுட்' என்றா என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் முட்டி பெயராமல் விழலாம். அதனால் காது கூர்மையாகிவிட்டது. புத்தகத்திலிருந்த பாடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். டீச்சருக்கும் அது தெரியும். அதுதான் அவளுக்கு உறுத்தல்.

ஏனென்றால் அந்த வருஷம் பட்டணத்துப் போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு இலவச இடம் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தது. சாப்பாடு, துணி, படுக்கை, மேற்படிப்பு எல்லாம் அதில் அடக்கம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துரைசானி நேரில் வந்து பிள்ளைகளை இங்கிலீஷ் படிக்கச் சொல்லி ஒருத்தியைப் பொறுக்குவாள். அந்த இடத்துக்கு என்னை விட்டால் டீச்சருடைய அக்காள் மகள்தான். அவளும் என் வகுப்பு.

துரைசானி வருகிற அன்று அம்மா விடியலிலேயே என் பாவாடை சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு உலர்த்தினாள். தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினாள்.

"தொரசானி கேட்டா வாய தொறந்து பேசு. கொய்க்கட்ட வச்சிக்கினு நிக்காத," என்றாள். "நான் ஒர்த்தி இங்க குந்திக்கினு கீறது போதும். நீயும் வந்து குந்தாத."

துரைசானி வந்தாள். தொப்பி, கையுறை, முகத்தில் நல்ல சிரிப்பு. முதலில் எங்கள் வித்தையைக் காட்ட வேண்டும், அப்புறம் வாசிப்பு. என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போடுவார்கள். 'கால் ஹெர் இன்' என்று டீச்சரின் அக்காள் மகள் சொல்வாள். கதவு திறக்கும். நான் உள்ளே வந்து துரைசானிக்குச் சலாம் வைப்பேன். அந்த வாரம் முழுக்க இதைத்தான் பழகியிருந்தோம்.

தள்ளினார்கள். துரைசானி பார்க்கிறாள் என்பதால் அன்று ரூல்தடி இல்லை, கையாலேயே தள்ளினார்கள். 'ஷட் ஹெர் அவுட்' என்று வகுப்பு கத்தியது. கதவைச் சாத்தினார்கள், தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே கைதட்டல். "வெரி நைஸ்!" என்று துரைசானியின் குரல். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்து நின்றேன்.

யாரும் கூப்பிடவில்லை. வாயைத் திறந்த அக்காள் மகளை டீச்சர் கண்ணால் அடக்கினாள் என்று கார்டின் மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் அக்காள் மகளின் குரல், படகுப் பாடத்தை வாசித்துக்கொண்டு. இரண்டு வரிக்கு ஒரு தடவை தடுக்கி விழுந்தது. அவள் தடுக்குகிற இடத்திலெல்லாம் என் உதடு தானாக அசைந்தது. கதவைத் தட்டினால் முட்டியில் அடி விழும். அதுகூடப் பெரிதில்லை. கூப்பிடாமல் வந்தவள் என்று துரைசானி நினைத்துவிட்டால் இடம் போய்விடும் என்றுதான் பயந்தேன். தட்டாவிட்டாலும் போய்விடும் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கால் மீ இன்!" என்று கத்தினேன்.

எங்கள் வகுப்பில் 'மீ' நடுவில் நின்றதே இல்லை. நானாகத்தான் நிறுத்தினேன். திரும்பவும் கத்தினேன். உள்ளே வாசிப்பு நின்றது.

"யாரது?" என்று துரைசானி இங்கிலீஷில் கேட்டாள்.

"யாருமில்லை மேடம். பாத்திரம் தேய்க்கிறவளின் பெண்," என்று டீச்சரும் இங்கிலீஷில் சொன்னாள். அவ்வளவு திருத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஓ," என்றாள் துரைசானி. கோபமே இல்லை அந்தக் குரலில். "சென்ட் ஹெர் அவே."

அந்த டீச்சர்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அக்காள் மகள் என்ற பாசத்தில் செய்துவிட்டாள், பாவம் என்று யாராவது சொல்ல வந்தால், அவர்களோடு நான் அப்புறம் பேசுவதில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. டீச்சர் தலையை நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலாகக் குசினிப் பக்கம் பார்த்து, "ஏ, இங்க வா. வந்து உன் பொண்ண இழுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

அம்மா சாம்பல் அப்பிய கையோடு ஓடிவந்தாள். என் கையைப் பிடித்து முற்றத்தின் வழியாக இழுத்துக்கொண்டு போனாள். கஞ்சி போட்ட சட்டைக் கையில் அவள் விரல்கள் கரியாகப் பதிந்தன. பாத்திரங்கள் குவிந்து கிடந்த இடத்துக்கு வந்தபிறகுதான் கையை விட்டாள்.

"வாய தொறந்தியா?"

"தொறந்தேம்மா."

"அப்பால இன்னாடி?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மறுபடி கைதட்டினார்கள். அம்மா குனிந்து தேங்காய் நாரை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைச் சாம்பலில் தோய்த்து என் கையில் திணித்தாள்.

"குந்து," என்றாள்.