கழட்டி மாட்டுங்க சார்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஐஸ். நோயாளிகளின் வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஆக்சிஜன் மெஷின்களுக்கு உதவி எண் ஒன்று உண்டு. அதில் பல வருடமாக உட்கார்ந்து பதில் சொல்கிறாள். யார் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் இம்மியும் உயர்ந்ததில்லை. அதற்காக அவளைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். மைக்கை அணைத்துவிட்டு அவள் உதிர்க்கும் வார்த்தைகளை அச்சில் போட முடியாது. வீட்டில் கோபம் தலைக்கேறினால்தான் அந்தத் தேன் குரல் வெளியே வரும். "ஐயோ, அம்மா ஆபீஸ் குரல்ல பேச ஆரம்பிச்சுட்டா!" என்று மகள் அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள்.

வாடிக்கையாளர் என்றால் பொய் சொல்வார் என்பது அந்த வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். "பிளக் சரியா மாட்டியிருக்கா?" என்று கேட்டால், நாற்காலியை விட்டு அசையாமலே "அதெல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள். அதற்கு அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். "பிளக்கைக் கழட்டி, கம்பி கறுத்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க." கம்பியின் நிறம் யாருக்கு வேண்டும்? ஆனால் கழற்றாமல் பதில் சொல்ல முடியாதல்லவா! கழற்றி மாட்டியதும் பாதி மெஷின்கள் தானாக வழிக்கு வந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்துச் சிரிப்பாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகும்போது அந்த அழைப்பு வந்தது. வயதான மனிதர். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"மெஷினை மாத்தணும். வேற ஒண்ணு அனுப்புங்க, இப்பவே."

பின்னால் மெஷின் கீச்கீச்சென்று அலறிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவிக்கு நுரையீரல் பழுது. மூக்கில் குழாய் இல்லாவிட்டால் அந்த அம்மாவால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. இதெல்லாம் ஐஸின் திரையில் இருந்தது.

"அனுப்பலாம் சார். அதுக்கு முன்னாடி சிலதைப் பார்த்துடலாம். ஃபில்டர்..."

"கழுவிப் போட்டாச்சு."

"தண்ணி பாட்டில்..."

"இறுக்கியாச்சு. ஏம்மா, நீ என்னென்ன கேப்பேன்னு எனக்கு மனப்பாடம். மெஷினை அனுப்புவியா மாட்டியா?"

எல்லாச் சோதனையும் முடிந்ததாகக் குறித்தால்தான் மாற்று மெஷினுக்கு உத்தரவு போட முடியும். அது கம்பெனிச் சட்டம். ஐஸ் தன் அஸ்திரத்தை எடுத்தாள்.

"பிளக்கைக் கழட்டி, கம்பி கறுத்திருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்."

"முடியாது."

"ஏன் சார்?"

"காலையில கழட்டினேன். மறுபடி ஓட வைக்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. இப்போ கத்திக்கிட்டாவது ஓடுது. கழட்டினா நின்னுடும்."

ஐஸ் மைக்கை அணைத்தாள். "பெருசுக்குக் குனிய வலிக்குது. என்னமா கதை விடுது பாரு!" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள். மைக்கைப் போட்டதும் குரலில் தேன் சொட்டியது.

"அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் கொடுத்திருக்கோமே சார், அது இருக்கில்ல?"

"மூலையில இருக்கு."

"அப்புறம் என்ன பயம்? நீங்க கழட்டிப் பார்க்கலேன்னா நான் மேற்கொண்டு எதுவுமே செய்ய முடியாது."

"நீ சொல்லித்தான் கழட்டறேன்," என்றார். கீச்கீச் நின்றது.

"கறுக்கல. பளபளன்னு இருக்கு."

"ரொம்ப நல்லது சார். மாட்டிடுங்க."

சோதனை முடிந்ததாகக் குறித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"ஓடல," என்றார்.

"சுவிட்சை ஒரு தடவை..."

"ஓடலம்மா! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ஓடலம்மா!"

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "ஏங்க..." அதற்குமேல் அந்த அம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை, இருமல்தான் வந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஐஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க! சிலிண்டரை அம்மா பக்கத்துல இழுங்க!"

எதுவோ தரையில் உரசிக்கொண்டு வந்தது.

"சிலிண்டர் கழுத்துல சாவி தொங்கும். அதை மேல மாட்டித் திருப்புங்க!"

"திரும்ப மாட்டேங்குது... கை வழுக்குது."

"இடது பக்கம் சார், இடது! ரெண்டு கையாலயும் பிடிங்க! விடாதீங்க!"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐஸ் கத்தி யாரும் கேட்டதே இல்லை. மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அந்தப் பக்கம் இருமல் நின்றுபோயிருந்தது, அதுதான் அவளை உலுக்கியது. பதற்றத்தில் மேஜை விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

உஸ்ஸென்று காற்று சீறியது.

"குழாயை மெஷின்லேர்ந்து உருவி இதுல சொருகுங்க! அம்மா மூக்குல சரியா வைங்க!"

அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே செய்தார். வெகுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது. அப்புறம் இழுத்து இழுத்து மூச்சு. ஐஸ் நாற்காலியில் விழுந்தாள்.

இனிமேல் திட்டு விழும், விழட்டும் என்று இருந்தாள். அவர் போனை எடுத்தார்.

"மூச்சு வருதும்மா," என்றார். குரலில் அந்தப் பிடிவாதம் துளிகூட இல்லை. "அடுத்து என்ன பண்ணணும்? சொல்லும்மா, எதுன்னாலும் பண்றேன்."

அவர் திட்டியிருந்தால் ஐஸ் தாங்கியிருப்பாள்.

"நீங்க முதல்லயே சரியாத்தான் சொன்னீங்க சார். நான்தான் நம்பல." பேச்சு பதிவாகிறது, தப்பை ஒத்துக்கொள்ளாதே என்று மேற்பார்வையாளர் கையை ஆட்டினார். ஐஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. "வேற மெஷின் கிளம்புது. அது வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். அந்தச் சிலிண்டர்ல மட்டும் கை வைக்காதீங்க சார். யார் சொன்னாலும் வைக்காதீங்க. நான் சொன்னாலும் வைக்காதீங்க."