தலையில்லாத நரி

காட்டெருமையை அடிக்கிற துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நரி வேட்டைக்குக் கிளம்பியவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம், நானும் அத்தானும். அத்தான் இப்போது இல்லை. ஆகவே இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். என்னைவிட ஆறேழு வயசுதான் மூப்பு. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதினார். சுதந்திரம் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். போகும்போது நாயை ஒருவருக்கும் நாற்காலிகளை இன்னொருவருக்கும் கொடுத்தார். காட்டெருமை வேட்டைக்கு வைத்திருந்த கனத்த ரைபிள் அத்தானுக்கு வந்தது. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றி வாங்குவதற்குள் அத்தானுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வாங்கின பிறகுதான் யோசனை வந்தது, எதைச் சுடுவது?

நாங்கள் சைவம். வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. நான்தான் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். "திங்கதுக்குச் சுட்டாத்தான் அத்தான் பாவம். நரியை யாரு திங்கப் போறா? கோழியைத் தூக்குது, ஆட்டுக்குட்டியைத் தூக்குது. ஊருக்கு உபகாரம்லா!"

நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது எதற்கும் நியாயம் கிடைக்கும். "காலேஜு பிள்ளை சொன்னா மறுபேச்சு உண்டா?" என்று அத்தான் சிரித்தார். அக்காள் சிரிக்கவில்லை. "அந்தச் சனியனை எங் கண்ணுலே காட்டப்பிடாது" என்று சொல்லி, துப்பாக்கியைக் கொல்லையிலிருந்த விறகுப் புரைக்கு விரட்டிவிட்டாள்.

லீவு விட்டால் போதும், பஸ் பிடித்து மலைக்குப் போய்விடுவேன். பாறைமேல் தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சுட்டுப் பழகினோம். முதல் வெடிக்கே நான் மல்லாந்து விழுந்தேன். தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது.

"எலே, நரி தரையிலேதான் நடக்கும். நீ ஆகாசத்தைச் சுடுகே!" என்றார் அத்தான்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு இறுக்கினால் உதை குறையும். அந்தத் தோட்டா நரியோடு நிற்காது, துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். அதனால் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விசையில் விரல் வைக்கக் கூடாது. காற்று நம் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். முயல் அலறுகிற சத்தம் கேட்டால் நரி தேடி வருமென்று ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன். உடனே இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் புல்லை வைத்து ஊத ஆரம்பித்தேன். ஒரு லீவு முழுக்க ஊதினேன். நரி வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள்தான் வேடிக்கை பார்க்க வந்தன.

பிறகு ஒன்று வந்தது.

கார்த்திகை மாசம். மழை விட்டு வெயில் ஏறியிருந்த காலை. மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைக்குக் கீழே ஓடைக்கரையில் நான் துப்பாக்கியோடு இருந்தேன். அத்தான் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஊதினேன். எதிர்மேட்டிலிருந்து ஒரு நரி இறங்கியது. பதுங்கவில்லை, நின்று மோப்பம் பிடிக்கவில்லை, நேரே ஓடி வந்தது. என் ஊதலுக்குத்தான் வருகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. "மக்கா, வருதுலே, வருதுலே" என்று அத்தானும் கிசுகிசுத்தார். நான் துப்பாக்கியை நிமிர்த்துவதற்குள் அது அவர்மேல் பாய்ந்து முன்கையைக் கவ்விவிட்டது. உதறி எறிந்தார். மேட்டோரம் விழுந்து மறுபடியும் எழுந்தது. சுட்டேன்.

அதற்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லை.

கையில் ரத்தம் ஒழுக ஒழுக அத்தான் என் முதுகில் ஓங்கித் தட்டினார். "அடிச்சிட்டியேலே!" அப்போது எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கிடந்ததை அங்கேயே குழிதோண்டி மூடினோம்.

அக்காள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித்தான் எங்களை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நரியை அடிச்சாச்சா?"

"நான்தான் சார் அடிச்சேன்."

"நல்லது. தலையைக் கொண்டுவந்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அத்தான்தான் பதில் சொன்னார். "தலை ஏது டாக்டரே? எம் மச்சினன் காட்டெருமைத் தோட்டாவாலேல்லா அடிச்சான்!"

டாக்டர் கையை நிறுத்தினார். "மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பினா வெறி இருந்துதா இல்லையான்னு தெரியும். இனி அதுக்கு வழியில்லை. தெரியலேன்னா இருந்துதுன்னே வச்சுக்கிடணும். தினம் ஒரு ஊசி, வயித்திலே. பதினாலையும் போட்டாகணும்."

அக்காளும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் தங்கி அத்தான் ஊசி போட்டுக்கொண்டார். வயிறு பலகை மாதிரி கல்லித்துப் போனது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பாதி ஊசி ஆவதற்குள் கைக்காயம் காய்ந்து பொருக்கு விட்டது. தோட்டத்தில் புதுசாக வந்த மானேஜர் வேலைக்கு வரச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். அத்தான் புறப்பட்டுவிட்டார். அக்காள் வாசலை மறித்து நின்றாள்.

"முழுசும் போட்டுட்டுப் போங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

"வெறி நரிதான்னு ஒருத்தன் உறுதியாச் சொல்லட்டும். இங்கேயே கிடக்கேன்" என்ற அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீ கிட்டே நின்னு பாத்தவன்தானே. சொல்லு மக்கா, அது வாயிலே நுரை இருந்துதா?"

நான் கண்ணை மூடி யோசித்தேன். துப்பாக்கியின் முனை நினைவிருந்தது. அதற்கு அப்பால் மங்கலாக ஒரு பழுப்பு நிறம். அவ்வளவுதான். நுரையும் இல்லை, வாயும் இல்லை.

"தெரியலே அத்தான்."

"பாத்தியா?" என்றார் அக்காளிடம். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தை பிறந்த சமயம் கடிபட்ட கை அரிக்கிறது என்றாராம். மறுநாள் குளிக்கப் போனவர் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ஜன்னல் காற்றுப் பட்டாலே கழுத்து வெட்டி இழுத்தது. டாக்டர் என் தோளில் கையை வைத்தார். அத்தானுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"இப்போ தெரிஞ்சுபோச்சுல்லா, மக்கா" என்றார்.

என்னைக் குத்திச் சொன்ன மாதிரி இல்லை. ஒரு கணக்கு நேராகிவிட்டது போலத்தான் சொன்னார்.

அந்த வார்டில் அக்காளுக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். அத்தான் கண்ணில் அது பட்டதும் உடம்பு வில்லாக வளைந்தது. அக்காள் சட்டென்று டம்ளரை முந்தானைக்குள் மறைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ராத்திரியே அத்தான் போய்விட்டார்.

அக்காள் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டிலோ கல்யாணப் பந்தியிலோ தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், இப்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் குடிக்கிறாள்.